கிராம்ப்ஸ்: ஆறு சார்லஸ்களைப் பிரித்து வைக்கும் கொடிவழி மென்பொருள்

கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பற்றி எந்தப் பள்ளியில் கண்காட்சி வைத்தாலும் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பெயர் வராமல் இருக்காது. 1791 ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் கும்பினிப் படையிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிடம் விழுந்தன. நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த படை கிருஷ்ணகிரி மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் இறங்கிப் போனது. 1792 மார்ச்சில் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தை உள்ளடக்கிய பாராமகால் முழுவதும் கும்பினிக்குக் கைமாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கார்ன்வாலிஸுக்கு மார்க்விஸ் பட்டம் கிடைத்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். 'அந்தக் குடும்பத்தின் கொடிவழியைச் சுவரில் மாட்டலாமே' என்று சார்ட் அட்டையும் ஸ்கேலும் எடுத்து உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மூன்றாவது தலைமுறைக்குள் யார் மகன் யார் அப்பா என்று குழம்பி, அட்டை குப்பைக்குப் போகும்.

அந்த வேலைக்கு உதவும் மென்பொருள் கிராம்ப்ஸ். காசு கிடையாது, மூலநிரல் திறந்தது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பட்டம் கட்டிய குடும்பம் ஒன்றை உள்ளே போட்டால் அது எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது, கடைசியில் ஃப்ளெக்ஸ் கடைவரை கொண்டு போக என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். கார்ன்வாலிஸ் குடும்பம் நம் ஊரோடு தொட்டது என்பதால் மட்டும் இதை எடுக்கவில்லை. ஒரு கொடிவழியில் என்னென்ன தப்பு நேருமோ அத்தனையும் இதில் இருக்கிறது.

முதலில் பெயர். 1661ல் ஃபிரெடரிக் கார்ன்வாலிஸ் முதல் பிரபு ஆனார். அவர் மகன் சார்லஸ். அவர் மகன் சார்லஸ். அப்படியே அப்பா, மகன், பேரன் என்று ஆறு தலைமுறைக்கு எல்லாருமே சார்லஸ். இறந்த ஆண்டுகள் வரிசையாக 1673, 1698, 1722, 1762, 1805, 1823. நம் கோட்டைக்குப் படை அனுப்பியவர் இவர்களில் ஐந்தாமவர். பிறந்தது 1738, இறந்தது 1805ல் காஜிப்பூரில். எக்செல்லில் இந்த ஆறு பேரையும் போட்டால் 'சார்லஸ் கார்ன்வாலிஸ்' என்று ஆறு வரி வரும், எது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராம்ப்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் ஐ என்ற எழுத்தோடு தானாக ஓர் எண் விழும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் எஃப் என்ற எழுத்தோடு தனி எண். ஆளை அந்த எண்ணால் பிடித்துக்கொண்டால் பெயர் ஒன்றாக இருப்பது தொந்தரவே இல்லை. எண்களைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தட்டச்சு செய்யுங்கள்.

'ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா' என்று தேடித் தரும் கருவி ஒன்று இதில் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் இந்தக் குடும்பத்தில் அதை ஓட்டினால், பிறந்த தேதி போடாமல் விட்ட சார்லஸ்களை எல்லாம் ஜோடி ஜோடியாகக் காட்டி இணைக்கட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் இணைத்தால் அப்பாவும் மகனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். செய்ததைத் திருப்பும் வசதி அந்த அமர்வுக்குள் மட்டுமே. நிரலை மூடித் திறந்துவிட்டால் திரும்பாது. பிறப்பும் இறப்பும் ஆண்டளவிலாவது போட்டு முடிக்கும்வரை அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது பட்டம். இதில்தான் கிராம்ப்ஸ் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது. ஆள் வேறு, பெயர் வேறு, பட்டம் வேறு என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க அது வழி செய்கிறது. பட்டம் ஒருவரோடு பிறப்பதில்லை. ஒரு தேதியில் வருகிறது, இன்னொரு தேதியில் அடுத்தவருக்குப் போகிறது. அதனால் அதை நிகழ்வாகப் போட வேண்டும். நிகழ்வு வகைப் பட்டியலில் 'நொபிலிட்டி டைட்டில்' என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, தேதி, பட்டத்தின் பெயர், எத்தனையாவது ஆள் என்று விவரத்தில் எழுதுங்கள். பெயர் படிவத்தில் 'டைட்டில்' என்று கண்ணில் படும் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். அது டாக்டர், ரெவரெண்ட் போன்ற முன்னொட்டுக்கானது. ஒரே ஒரு கட்டம்தான் அங்கே. கார்ன்வாலிஸுக்கோ முக்கியமான பட்டங்களே மூன்று.

மூன்று எப்படி? 1661ல் வந்த பிரபுப் பட்டத்தில் அவர் ஆறாமவர். அதற்கு மேல்படியாக 1753ல் அவர் அப்பாவுக்கு வந்த ஏர்ல் பட்டத்தில் இரண்டாமவர். அதற்கும் மேல்படியாக 1792ல் வந்த மார்க்விஸ் பட்டத்தில் முதல்வர். ஆறாவது, இரண்டாவது, முதலாவது மூன்றும் ஒரே ஆள். ஒரு புத்தகம் இரண்டாம் ஏர்ல் என்றும் இன்னொரு புத்தகம் முதல் மார்க்விஸ் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து இரண்டு பெட்டி போட்டவர்கள் நிறைய. மூன்று நிகழ்வாகப் போட்டுவிட்டால் அந்தத் தப்பு நேராது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதல்படிப் பிரபுப் பட்டத்தை (ஆங்கிலத்தில் Baron) நம் புத்தகங்கள் 'பேரன்' என்று ஒலிபெயர்க்கின்றன. கொடிவழிச் சார்ட்டில் 'மூன்றாம் பேரன் கார்ன்வாலிஸ்' என்று எழுதினால் படிக்கும் பிள்ளை மூன்றாவது பேரப்பிள்ளை என்றுதான் புரிந்துகொள்ளும். அதில் தப்பே இல்லை, தமிழில் அதற்கு அதுதான் பொருள். 'பாரன்' என்று எழுதுங்கள், அல்லது 'பிரபு' என்று போட்டுவிட்டுக் கீழே ஒரு குறிப்பு கொடுங்கள். எதை எடுத்தாலும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சொல்லாக இருக்கட்டும்.

பட்டத்தை நிகழ்வாகப் போட்டதன் பலன் 1823ல் தெரியும். ஆறாவது சார்லஸ், அதாவது இரண்டாம் மார்க்விஸ், அந்த ஆண்டு இறக்கிறார். ஐந்து மகள்கள்: ஜேன், லூயிசா, ஜெமைமா, மேரி, எலிசபெத். மகன் இல்லை. மார்க்விஸ் பட்டம் 1792ல் அவர் அப்பாவுக்கும் அப்பாவின் ஆண்வழிக்கும் மட்டும் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்வழி தீர்ந்ததால் பட்டமும் அங்கேயே தீர்ந்தது. ஏர்ல் பட்டம் தீரவில்லை. அது 1753ல் தாத்தாவுக்கு வந்தது. தாத்தாவின் இன்னொரு மகன் ஜேம்ஸ் உயிரோடு இருந்தார். லிச்ஃபீல்டு பேராயத்தில் பிஷப்பாக இருந்த அவர் எண்பது வயதில் நான்காம் ஏர்ல் ஆகி, 1824 ஜனவரியில் இறந்தார். ஐந்து மாதம் சொச்சம்தான். எந்தப் பட்டம் யாரிடமிருந்து கிளைத்தது என்று தேதியோடு போட்டிருந்தால்தான் ஒன்று ஏன் நின்றது, இன்னொன்று ஏன் ஓடியது என்பது சார்ட்டைப் பார்த்தாலே விளங்கும். வெறும் கோடு போட்ட சார்ட்டில் இது விளங்காது.

ஆங்கிலப் புத்தகங்கள் இந்த ஜேம்ஸை 'அங்கிள்' என்று சொல்லி நிறுத்திவிடும். நமக்கு அது போதாது. பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா? ஜேம்ஸ் பிறந்தது 1743, அவர் அண்ணன் கார்ன்வாலிஸ், அதாவது இரண்டாம் மார்க்விஸின் அப்பா, பிறந்தது 1738. ஆகவே சித்தப்பா. அண்ணன் மகனிடமிருந்து சித்தப்பாவுக்குப் பட்டம் ஏறிப் போயிருக்கிறது. கிராம்ப்ஸில் உறவு கணக்கிடும் கருவி இருக்கிறது, இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தால் உறவைச் சொல்லும். ஆனால் ஆங்கில முறையில் ஓடவிட்டால் மூத்தவர் இளையவர் பார்க்காது, அப்பாவழி அம்மாவழி பிரிக்காது. தமிழ் உறவுப் பெயரை நீங்களேதான் எழுத வேண்டும், அதற்குப் பிறந்த வரிசை சரியாக இருக்க வேண்டும். குடும்பப் படிவத்தில் பிள்ளைகளை நீங்கள் சேர்க்கும் வரிசையிலேயே மென்பொருள் வைத்துக்கொள்ளும். பிறந்த தேதி பார்த்துத் தானாக மாற்றி அடுக்காது. சுட்டியால் இழுத்து மேலே கீழே நகர்த்தி மூத்தவர் முதலில் வரும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் அச்சடித்தால் சித்தப்பா பெரியப்பா இடத்தில் நிற்பார்.

தாய்மாமன் கதையும் இதே குடும்பத்தில் உண்டு. அந்த ஜேம்ஸின் மகன் இன்னொரு ஜேம்ஸ், ஐந்தாம் ஏர்ல். அவருடைய தாய்மாமன் ஹொரேஷியோ மான் 1814ல் இறந்து சொத்து மருமகனுக்கு வந்தபோது, மருமகன் தன் குடும்பப் பெயரையே 'மான்' என்று மாற்றிக்கொண்டார். ஆக, ஐந்தாம் கார்ன்வாலிஸ் ஏர்லின் குடும்பப் பெயர் கார்ன்வாலிஸ் அல்ல! இங்கே முதல் பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயர் எழுதினால் அப்பாவோடு உள்ள தொடர்பு தேடலில் அறுந்துவிடும். பெயர்கள் தாவலில் பிறப்புப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, மாற்றுப் பெயராக 'மான்' சேர்த்து, அதற்கு 1814 என்று தேதியும் கொடுங்கள். மனைவிமாருக்கும் இதே முறைதான்: இரண்டாம் மார்க்விஸின் மனைவி லூயிசா கார்டன் பிறப்புப் பெயரிலேயே நிற்கட்டும், கல்யாணப் பெயர் மாற்றுப் பெயர் பட்டியலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கார்டன் குடும்பத்து மகள் கார்ன்வாலிஸ் பங்காளியாகிவிடுவார்.

ஐந்தாம் ஏர்லின் மகன் தந்தைக்கு முன்பே போய்விட்டதால் 1852ல் ஏர்ல் பட்டமும் தீர்ந்தது. பிறகு மகள்வழிப் பேரன் ஒருவர் கார்ன்வாலிஸ் என்ற பெயரை மீண்டும் எடுத்துக்கொள்ள, அவர் மகனுக்கு 1927ல் புதிதாகப் பிரபுப் பட்டம் தரப்பட்டது. அது பழைய பட்டத்தின் தொடர்ச்சி இல்லை, எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நிகழ்வு விவரத்தில் '1661 பட்டம்', '1927 பட்டம்' என்று ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

தேதிக்கு வருவோம். கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. முதல் ஏர்லின் தம்பிகள் இருவர் இரட்டையர்: ஃபிரெடரிக் 1768 முதல் கான்டர்பரி ஆர்ச்பிஷப், எட்வர்டு 1749ல் கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவியவர். ஒரு புத்தகத்தில் எட்வர்டு பிறந்தது 1713 பிப்ரவரி 22 என்றிருக்கும். இன்னொன்றில் ஃபிரெடரிக் பிறந்தது மார்ச் 5 என்றிருக்கும். பழைய ஆவணத்தில் பிப்ரவரி 22, 1712 என்றே இருக்கும். மூன்றும் ஒரே நாள். 1752வரை இங்கிலாந்து ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது, அது 11 நாள் பின்தங்கியிருந்தது. ஆண்டும் ஜனவரியில் பிறக்காமல் மார்ச் 25ல் பிறந்தது. அப்படியே நகலெடுத்துப் போட்டால் இரட்டைப் பிள்ளைகள் 11 நாள் இடைவெளியில் பிறந்ததாக வரும், அல்லது ஒரு வருஷ இடைவெளியில்!

கிராம்ப்ஸில் தேதிக் கட்டத்தின் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் தனிச் சாளரம் திறக்கும். நாள்காட்டியை ஜூலியன் என்று மாற்றி, இரட்டை ஆண்டுக் குறியைத் தேர்ந்தெடுத்து, 1712/3 பிப்ரவரி 22 என்று கொடுங்கள். வயது கணக்கையும் வரிசையையும் அதுவே உள்ளுக்குள் ஒரே நாள்காட்டிக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேருக்கும் ஒரே முறையில் போடுவதுதான் முக்கியம். சரியான தேதி கிடைக்காத இடத்தில் 'சுமார்', 'முன்', 'பின்', 'இடையில்' என்ற தேர்வுகளைப் பயன்படுத்துங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஜனவரி 1 போட்டு நிரப்புவது பெரிய பாவம். பிறகு அது நிஜத் தேதி என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

இணையத்தில் தயாராகக் கிடைக்கும் ஜெட்காம் கோப்பை (கொடிவழி மென்பொருள்களுக்கிடையே விவரம் பரிமாறும் பொதுவடிவம்) இறக்கி உள்ளே தள்ளுவது வேகமான வழி, பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆதாரம் இல்லாத முன்னோர்கள் அதில் கூட்டமாக வருவார்கள். நேராக உங்கள் கொடிவழிக்குள் இறக்குமதி செய்தால் இருப்பவற்றோடு கலந்துவிடும், பிரித்தெடுக்க நாள் கணக்காகும். புதிதாக ஒரு வெற்றுக் கொடிவழி தொடங்கி அதில் இறக்குங்கள். இறக்குமதியாகும் ஒவ்வொரு பதிவிலும் தானாக ஓர் அடையாள ஒட்டு (டேக்) விழும்படி விருப்பத்தேர்வுகளில் அமைக்கலாம். பார்த்து, வேண்டியதை மட்டும் கையால் எடுத்துக்கொள்ளுங்கள். 1661 முதல் 1852வரை பட்டம் கட்டியவர்கள், மனைவிகள், முக்கியமான உடன்பிறப்புகள் எல்லாம் சேர்த்து நாற்பது பேருக்குள் அடங்கும் வேலை இது.

கிராம்ப்ஸின் கொடிவழி வேர்டு கோப்பு மாதிரி ஒரே கோப்பாக மேசையில் கிடக்காது, நிரல் தனக்குள் ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளும். அதைத் தேடி எடுத்து பென் டிரைவில் நகலெடுக்கப் பார்க்காதீர்கள். ஏற்றுமதி செய்துதான் கொண்டு போக வேண்டும். படங்கள் இருந்தால் படங்களோடு சேர்த்துக் கட்டும் பொதி வகையைத் தேர்ந்தெடுங்கள். மற்றொரு வகையில் எழுத்து மட்டும் போகும், படம் இருந்த இடத்தில் வெற்றுச் சட்டம்தான் மிஞ்சும். பள்ளிக் கணினியில் பழைய பதிப்பும் வீட்டில் புதியதும் இருந்தால், புதியதில் ஒரு முறை திறந்து மேம்படுத்திய கொடிவழி பழையதில் திறக்காது. இரண்டு இடத்திலும் ஒரே பதிப்பு போடுங்கள். வேலை நடுவே கரண்ட் போனால் அடுத்த முறை கொடிவழிப் பட்டியலில் பூட்டுக் குறி தெரியும். பயப்பட வேண்டாம், அதே சாளரத்தில் பூட்டை விடுவிக்கலாம். இன்னொரு கணினியில் யாரும் அதே கொடிவழியைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் குடும்பத்துக்கும் இதைப் பயன்படுத்த நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் எல்லாரும் 'குடும்பப் பெயர் இல்லை' என்ற ஒரே தலைப்பின் கீழ் குவிந்துவிடுவார்கள். அப்பா பெயரை அங்கே போட்டு, பக்கத்திலுள்ள 'மூலம்' (ஆரிஜின்) என்ற கட்டத்தில் தந்தைவழிப் பெயர் வகையைத் தேர்ந்தெடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை வெளியே கொடுக்கும்போது ஏற்றுமதியில் அவர்களை மறைக்கும் தேர்வு இருக்கிறது, அதை மறக்காதீர்கள்.

இனி அச்சு. கிராம்ப்ஸுக்கு நாம் குறைத்து மதிப்பெண் போடுவது இங்கேதான். 'டிசெண்டண்ட் ட்ரீ' அறிக்கையில் முதல் பாரன் ஃபிரெடரிக்கை மையமாக வைத்து எட்டுத் தலைமுறை கேட்டால் படம் வந்துவிடும், ஆனால் பிறப்பு இறப்பு என்பதற்கு ஆங்கிலச் சுருக்கம் நிற்கும். காட்சி அமைப்புப் பகுதியில் டாலர் குறி போட்ட குறியீடுகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னாலுள்ள எழுத்தை மட்டும் 'பி.' 'இ.' என்று மாற்றுங்கள். எழுத்துரு தமிழுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நிர்மலா அல்லது நோட்டோ தமிழ் சரியாக வரும்.

அளவை முதலிலேயே கணக்குப் போடுங்கள். பெட்டி அகலம் 7 செ.மீ., உயரம் 4.5 செ.மீ., தலைமுறைக்கு நடுவே 2.5 செ.மீ. என்றால் 16 பாயின்ட் எழுத்தில் பெயர் அடங்கும். எட்டுத் தலைமுறைக்கு உயரம் 53.5 செ.மீ. அகலமான வரிசை கடைசித் தலைமுறை: ஐந்து மகள்கள், அவர்களில் மூவரின் கணவர்கள், ஐந்தாம் ஏர்லின் மகளும் மருமகனும், ஆகப் பத்துப் பெட்டி. இடைவெளி சேர்த்து 84 செ.மீ. அளவில் வரும். 3க்கு 2 அடி ஃப்ளெக்ஸ், அதாவது 91க்கு 61 செ.மீ., இதற்குப் போதும். 1927வரை காட்ட வேண்டுமானால் இரண்டு தலைமுறை கூடி 67.5 செ.மீ. ஆகும்; அப்போது 3க்கு 3 எடுங்கள். எல்லாவற்றையும் ஏ4 தாளுக்குள் சுருக்கும் தேர்வைத் தட்டிவிட்டுக் கடையில் பெரிதாக்கச் சொல்வது நடக்கிற காரியம்தான், ஆனால் பெட்டிகளின் விகிதம் நீங்கள் நினைத்தபடி வராது.

ஃப்ளெக்ஸ் கடைகளில் பெரும்பாலும் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருள்தான். அங்கே பழைய பதிப்பில் யூனிகோடு தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். 'கொ' என்பது துண்டு துண்டாக நிற்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை, அவர்கள் வேலை பழைய எழுத்துருக்களில் நடக்கிறது. அதனால் எழுத்தை எழுத்தாகக் கொண்டு போகாதீர்கள். எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவில் ஏற்றுமதி செய்து, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்தைப் பாதையாக மாற்றி, பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிறகு அது வெறும் கோடுதான், எந்தக் கணினியிலும் உடையாது. மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்திருங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏ4ல் நான்கு துண்டாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து 'இரண்டாம் மார்க்விஸின் சித்தப்பா யார்' என்று கேளுங்கள். விரல் ஜேம்ஸ் மேல் நின்றால் வரிசை சரி. 1819ல் கல்யாணமாகாமலே இறந்த கடற்படை அட்மிரல் வில்லியமும் சித்தப்பாதான், ஜேம்ஸுக்கு இளையவர். அவர் பெட்டி ஜேம்ஸுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும். கார்ன்வாலிஸ் என்ற பெயர் ஓரிடத்தில் 'காரன்வாலிஸ்' என்றும் இன்னோரிடத்தில் 'கார்ன்வாலீஸ்' என்றும் விழுந்திருக்கிறதா என்பதையும் அந்தத் தாளிலேயே பார்த்துவிடுங்கள். ஃப்ளெக்ஸில் ஓர் எழுத்து தப்பினால் முழுச் சதுர அடிக்கும் மறுபடி காசு.